ஈரம் போட்ட பாதை

மூன்றாவது முறை தேய்த்துக் கழுவிய பிறகும் அந்தக் கண்ணாடி வழுக்கியது.

அவள் அதைத் தொட்டிக்கு மேலே தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் ஒரே தாளாக வழிந்து இறங்கியது. எங்கும் திட்டு இல்லை, துளி நிற்கவில்லை. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வலது கை ஆட்காட்டி விரலை ஓரத்தில் வைத்து மெல்ல இழுத்தபோது, உயிருள்ள மீனின் முதுகில் போவது போல விரல் பிடிமானம் இல்லாமல் போனது. சுத்தமான கண்ணாடி விரலுக்குக் கீழே கிறீச்சென்று கத்தும். பதினோரு வருடமாக அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் அவள் எதையும் அடுக்குக்கு அனுப்பியிருக்கிறாள்.

மண்ணையும் வேரையும் ஆராய்கிற கூடம் அது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மண்ணை நிரப்பி, அதில் செடி வளர்ப்பார்கள். தகடுகளைச் சாய்த்து வைத்தால் வேர் கண்ணாடியை ஒட்டியே ஊர்ந்து இறங்கும். கறுப்புத் துணியை விலக்கினால் மண்ணுக்குள் நடப்பது வெளியே தெரியும். பார்த்து முடித்ததும் தகடுகள் அவளிடம் வரும். ஒரு முழுநாள் பிளீச்சிங் தண்ணீரில் ஊற வேண்டும், கையுறை போட்டுக் கழுவ வேண்டும் என்பது சட்டம். கழுவுவது வரை அவளும் சட்டப்படிதான். கடைசியில் வலது கையுறையை மட்டும் கழற்றிவிடுவாள். ரப்பருக்கு எல்லாமே வழுக்கும், தோலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வரும் விருந்தாளிகளிடம் கூடத்துப் பெரியவரே சொல்வார், "இங்க இருக்கிற கருவியிலேயே நுணுக்கமானது இந்தம்மாவோட விரல்தான்." அதனால் அவளுக்குக் 'கண்ணாடிக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான்காவது முறை விரலை இழுத்தபோது ஓரத்தில் ஒரு சின்ன உடைசல் இருந்தது. சுருக்கென்றது. நகத்துக்குக் கீழே ஒரு முடியளவு சிவப்புக் கோடு. குழாயில் காட்டினாள், நின்றுவிட்டது. கீறல் பட்டால் விபத்து நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் கையுறை எங்கே என்று கேட்பார்கள். எழுதவில்லை.

"என்னக்கா, கண்ணாடியோட சண்டையா?"

நுண்ணோக்கி அறைப் பெண் வாசலில் நின்றாள். இருபத்தேழு வயது. பார்த்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் ரகம்.

"வழுக்குதும்மா. மூணு தடவை ஆச்சு."

"நல்லா ஊற வச்சீங்கல்ல?"

"வச்சேனே."

சனிக்கிழமை கணவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக மதியமே கிளம்பிவிட்டாள். இன்று காலையில் வந்துதான் ஊறப் போட்டாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"வாங்க, உங்க எதிரிய நேர்ல காட்டறேன்."

வளர்ப்பறையில் அப்போது இரவு. செடிகளின் இருட்டு நேரத்தைப் பார்க்க யாரும் தூக்கம் கெடுக்க வேண்டாம் என்று கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு விளக்கு அணையும், மாலை ஐந்துக்கு எரியும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே கண் பழகாத கருமை, விசிறியின் ஓயாத உறுமல், முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. அந்தப் பெண் நீல விளக்கைப் போட்டுத் திரையைக் காட்டினாள். பச்சைப் புள்ளிகள், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். ஆயிரம், பத்தாயிரம். நீல வெளிச்சம் பட்டால் ஒளிரும்படி அவற்றை மாற்றியிருந்தார்கள்.

"நம்ம பசங்க. பின்னாடி வால் இருக்குக்கா, அதைச் சுழட்டித்தான் நீந்தும். இப்ப கண்ணாடில முட்டுது பாருங்க. ஒரு முனைய மட்டும் ஊனிக்கிட்டு சுத்துது. இடம் பார்க்குது. பிடிக்கலன்னா போயிடும். இந்தக் கட்டம் வரைக்கும் சும்மா தண்ணி ஊத்தினாலே போகும்."

"பிடிச்சுப்போச்சுன்னா?"

"படுத்துடும். பசை விடும். மத்ததையும் கூப்பிடும். அப்புறம் நீங்க வந்தாலும் போகாது."

"நான் வந்தாலுமா?"

"நீங்க வந்தா கொஞ்சம் யோசிக்கும்," என்று சிரித்தாள்.

திரையில் ஒன்று சுற்றுவதை நிறுத்தியது. அவ்வளவு நேரம் துடித்தது, சட்டென்று நின்றது. யாரோ பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பது போல.

"வேர் எங்க இருக்குன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"வேர் இனிப்பு கசியுதுக்கா. அந்த ருசியைப் பிடிச்சுக்கிட்டே வரும். அடிபட்ட இடம்னா இன்னும் ஜாஸ்தி கசியும், கூட்டமா வரும். ஈரம் மட்டும் வேணும். முடியளவு ஈரம் இருந்தாப் போதும், ரோடு போட்டுக் குடுத்த மாதிரி."

அவள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

*

வீட்டில் கணவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். சர்க்கரை நோய் முதலில் பாதங்களின் உணர்ச்சியைத் தின்றது. பிறகு எப்போதோ செருப்புக்குள் ஒரு கல் புகுந்ததுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நடந்ததில், இடது பெருவிரலுக்குக் கீழே புண். நான்கு மாதமாக ஆறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மூட ஆரம்பிக்காவிட்டால் பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சனிக்கிழமை சொல்லிவிட்டார். இன்று திங்கள்.

"விடு. கிளட்ச் மிதிக்கிற கால்தானே," என்றார், அவள் புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது. "இப்பல்லாம் கிளட்சே இல்லாத வண்டி வந்தாச்சு."

"வாயக் கழுவுங்க."

"நீதான் கழுவுறவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. வெளியே காட்டாமல் பஞ்சை நனைத்துப் புண்ணைச் சுற்றித் துடைத்தாள். ஆட்காட்டி விரலால்தான் மருந்தைத் தடவினாள். கீறல் ஞாபகம் கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் வந்தது.

பிறகு தினமும்போல வீட்டைத் துடைத்தாள். புண் வந்ததிலிருந்து காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. தூசி ஆகாது என்று செவிலி சொன்னதுதான் காரணம். படுக்கையறையில் ஆரம்பித்து, பின்வாக்கிலேயே வந்து, சமையலறைத் தொட்டியடியில் முடிப்பாள். அந்த வீட்டுத் தரை நான்கு மாதமாக முழுசாகக் காய்ந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் ஒரு மாதிரி முகத்தோடு இருந்தார்.

"இந்தா, இங்க வா. சொன்னா நம்ப மாட்ட. கால் குறுகுறுங்குது."

"எந்தக் கால்?"

"செத்த கால்."

கட்டைப் பிரித்தாள். புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகத் திரும்பியிருந்தது. நடுவில் ஈரமான, வெளிறிய, புதிய சதை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, நான்கு மாதமாகக் கும்பிடாத சாமிகளையெல்லாம் வரிசையாகக் கும்பிட்டாள்.

"ரொம்பக் கும்பிடாதே, அவங்களுக்கும் வேலை இருக்கும்," என்றார் அவர். பிறகு, "அந்தத் திரைச்சீலைய இழுத்து விடு. வெளிச்சம் கால்ல படுது."

"பட்டா என்ன?"

அவர் யோசித்தார். "தெரியல. பிடிக்கல."

புதன்கிழமை காலை வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு பேசின் கொண்டுவந்து வைத்தாள். சமையலறையில்தான் உப்பைப் போட்டாள். கை தவறி ஒரு கரண்டி கூடவே விழுந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாதத்தை உள்ளே விட்டார். விட்டவுடன் முகம் சுளித்தார்.

"இன்னைக்கு உப்பை அள்ளிக் கொட்டிட்டியா?"

"ஏன்?"

"கரிக்குதே."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். நாக்கை ஒருமுறை உதட்டில் ஓட்டிப் பார்த்தார். இருவரும் பேசினுக்குள் பார்த்தார்கள். பாதம் அசையாமல் கிடந்தது. அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தாள், அவர் முந்திக்கொண்டார்.

"டிரைவருக்குக் கால்லதான் மூளை. உனக்குத் தெரியாதா?"

சிரித்தார்கள். அவள் சிரிப்பு சமையலறை வரைகூட வரவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து பேசினைத் தூக்கியபோது கைக்கு இலேசாக இருந்தது. எவர்சில்வரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கும் இப்போதிருந்த கோட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி. தரையில் சிந்தியிருக்கவில்லை. சாத்திய அறைக்குள் எங்கிருந்தோ ஒரு வாசனை. சன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தரைதான், மழையும் பெய்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் அது மண் வாசனை. முதல் மழை மண்.

"வெறும் தண்ணி கொண்டா," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "உப்பு வேணாம். வச்சிட்டுப் போ. எடுக்காத."

*

வியாழக்கிழமை, கழுவும் மேசையில் வட்டக் கண்ணாடிக் கிண்ணங்கள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கேரட் வில்லை. மண் இல்லை, மணல் இல்லை, வெறும் ஈரத் துணி. வெட்டிய முகத்தில் வெள்ளை வெள்ளையாக முடி முளைத்திருந்தது. அடர்த்தியாக, மென்மையாக, எல்லாம் ஒரே பக்கமாகக் கீழே வளைந்து.

"இது என்னம்மா, கேரட்டுக்கு மீசை?"

"மீசை இல்லக்கா, வேர்." நுண்ணோக்கிப் பெண் ஒன்றைத் தூக்கி ஆசையாகப் பார்த்தாள். "இதைப் பண்றது நம்ம பசங்கள்ல ஒரு தனி ஜாதி. வெட்டுப்பட்ட இடத்துல ஒட்டிக்கும். ஒட்டிட்டு, உள்ள இருக்கிறதுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கும். வேரா மாறுன்னு. அதுவும் மாறிடும். அப்புறம் அந்த வேர் இவங்களுக்கே சோறு போடும்."

"காயம் ஆறிடுமா?"

"வெளிய பார்த்தா ஆறின மாதிரிதான் இருக்கும்."

"திங்கக்கிழமை நான் கழுவின தகட்டுல..."

"இதே ஜாதிதான். ஏன்க்கா?"

"சும்மா கேட்டேன்." அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் குரலை மறைத்துக்கொண்டு கேட்டாள். "மனுஷனுக்கு வருமா இது?"

"மனுஷன் என்ன கேரட்டா?" அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "வராதுக்கா. செடிக்கு மட்டும்தான். பயப்படாதீங்க."

கழுவிய தகடுகளில் பச்சை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன நீல டார்ச்சும் ஒரு மஞ்சள் மூக்குக்கண்ணாடியும் உண்டு. விரல் இருக்கும்போது எதற்கு என்று அவள் தொட்டதே இல்லை. அன்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வளர்ப்பறையின் பகல்நேர இருட்டில், கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் தன் வலது கையில் அடித்தாள்.

நகத்துக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு எரிந்தது.

வெளியே வந்து சோப்பில் கழுவினாள். பிளீச்சிங் தண்ணீரில் முக்கினாள், எரிச்சலில் கண்ணில் நீர் வரும்வரை. திரும்பவும் இருட்டுக்குள் போய் டார்ச் அடித்தாள். கோடு அப்படியே இருந்தது. அதிலிருந்து மூன்று மெல்லிய கிளைகள் உள்ளங்கையை நோக்கி இறங்கியிருந்தன.

சொல்லிவிடலாம். கதவைத் திறந்து, அம்மா, நான் ஊற வைக்கவில்லை, கையுறை போடவில்லை, இதோ பார் என்று சொல்லிவிடலாம். பெரியவர் வருவார், மருத்துவமனைக்குப் போன் போகும். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். பாதத்தோடு நிற்பார்களா, முழங்காலோடு நிற்பார்களா? மூடிக்கொண்டு வருகிற புண். நான்கு மாதத்துக்குப் பிறகு குறுகுறுத்த கால்.

"என்னக்கா, இருட்டுல என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தலைவலி. வீட்டுக்குப் போறேன்."

டார்ச்சும் மூக்குக்கண்ணாடியும் பைக்குள் போயின. அலமாரியிலிருந்து திறக்காத ஒரு பிளீச்சிங் பாட்டிலும்.

*

வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி மூன்றரை. எல்லாத் திரைச்சீலைகளும் இழுத்து விடப்பட்டிருந்தன. அவர் எழுந்து நடந்துதான் இழுத்திருக்க வேண்டும். மண் வாசனை வாசல்வரை வந்து நின்றது.

"என்னங்க?"

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் காலையில் இறுக்கித்தான் மூடிவிட்டுப் போனாள்.

மஞ்சள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச்சை அழுத்தினாள். முதலில் கதவுப் பிடி. பச்சை. பிறகு விளக்கு சுவிட்சு, தண்ணீர்ச் செம்பின் விளிம்பு, மருந்து டப்பாவின் மூடி, அலமாரிக் கைப்பிடி, அவள் தலை வாரும் சீப்பு. மூன்று நாளாக அவள் எங்கெல்லாம் கை வைத்தாளோ அங்கெல்லாம் ஒரு விரல், ஒரு விரல், ஒரு விரல், தன் வீட்டுக்குள் தானே திருட வந்து தடயம் விட்டுப்போனது போல. அது அவள் எதிர்பார்த்ததுதான். துடைத்துவிடலாம். எல்லாவற்றையும் துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே டார்ச்சைத் தரைக்கு இறக்கினாள்.

தொட்டியடியிலிருந்து அது தொடங்கியது.

அவள் துடைத்த வீச்சுகள் தெரிந்தன. விசிறி விசிறியாக, இடமும் வலமும், மங்கலாக. அவை அவளுடையவை. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறொன்று போயிருந்தது. நூல் நூலாகப் பல இடங்களிலிருந்து கிளம்பி, இரண்டு இரண்டாகச் சேர்ந்து, சேர்ந்தவை மறுபடி சேர்ந்து, கூடத்தின் நடுவில் ஒரே கயிறாகி, நேராகப் படுக்கையறை வாசலைத் தாண்டியிருந்தது. எந்தத் துடைதுணியும் இப்படிப் போகாது. இது போக வேண்டிய இடம் தெரிந்த ஒன்றின் போக்கு.

ரோடு போட்டுக் குடுத்த மாதிரி.

காலை ஒன்று. மாலை ஒன்று. அவளே போட்டாள்.

படுக்கையறையில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இடது கால் மட்டும் கட்டிலை விட்டுத் தொங்கி, குதிகால் தரையில் பதிந்து, விரல்கள் மேலே தூக்கியிருந்தன. பக்கத்தில் பேசின். காலையில் விளிம்புவரை ஊற்றிவிட்டுப் போனாள். இப்போது அதன் அடி காய்ந்து கிடந்தது. உப்புக்கோடுகூட இல்லை. துடைத்து வைத்தது போல இருந்தது.

மண்டியிட்டாள். டார்ச்சைத் தரையில் வைத்தாள்.

கட்டு அவிழ்ந்திருந்தது. புண் இல்லை. பெருவிரலுக்குக் கீழே வழவழப்பான, வெளிறிய தோல். நாளைக்கு மருத்துவர் பார்த்தால் கைதட்டுவார். அவள் குனிந்து, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் பார்த்தாள்.

முடி. வெள்ளை முடி. அடர்த்தியாக. எல்லாம் ஒரே பக்கமாகக் கீழே வளைந்து, தரை ஓடுகளின் இடுக்குக்குள் இறங்கி.

பாதம் மூச்சுவிடுவது போல மெல்ல ஏறி இறங்கியது.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. வலது கையால் துடைத்தாள். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள். அழ நேரமில்லை. மூன்று நாள்தான் ஆகிறது. இன்னும் பிடித்திருக்காது. முழுசாகப் பிடித்திருக்காது. தூக்கி, ஊற்றி, தேய்த்தால் போகும். அவள் தேய்த்துப் போகாதது எது?

இடது கையில் பாட்டிலை எடுத்தாள். வலது கையைக் குதிகாலுக்குக் கீழே கொடுத்தாள். மெல்ல. குழந்தையைத் தூக்குவது போல.

குளிர்ந்திருந்தது. வழுக்கியது.

பிறகு வழுக்கவில்லை.

"வந்துட்டியா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. தூக்கக் குரல். ரொம்ப நாளைக்குப் பிறகு வலி இல்லாத குரல்.

"வந்துட்டேங்க. அசையாதீங்க. காலைக் கழுவணும்."

"ம்." பாதம் அவள் உள்ளங்கைக்குள் இடம் பார்த்து அமர்ந்துகொண்டது. "என்ன, அழுதியா?"

"இல்லையே."

"பொய் சொல்லாத. உப்புக் கரிக்குதே."

கையை இழுத்தாள். வரவில்லை. வலிக்கவும் இல்லை. ஆட்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, ஒரு குறுகுறுப்பு மட்டும். பாட்டிலின் மூடியைப் பார்த்தாள். குழந்தைகள் திறக்காத மூடி. அழுத்திப் பிடிக்க ஒரு கை, திருக ஒரு கை.

"ஆனா அதுக்கு அடியில," என்றார் அவர், "உன் கை இனிப்பா இருக்கு."

தரையில் கிடந்த டார்ச் எரிந்துகொண்டேயிருந்தது. அதன் நீல வெளிச்சத்தில், வாசலைத் தாண்டி வந்த பச்சைக் கயிறு அவர் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. நுனி இடமும் வலமும் ஆடியது. பிறகு இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை, அவள் மண்டியிட்டிருந்த முழங்காலின் ஈரத்தை நோக்கித் திரும்பியது.